மீனுக்கொரு புது வீடு

இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் 1909ஆம் ஆண்டு சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. அன்று மக்கள் கூடி நின்று வியந்த கடல்மீன்கள் இன்று இல்லங்களிலேயே கண்ணாடித் தொட்டிகளில் வாழ்கின்றன. கடலுக்குத் தொலைவிலுள்ள பொதட்டூர்பேட்டையில், தறியொலி கேட்கும் ஓர் இல்லத்தில் அத்தகைய தொட்டியைக் கண்டோம்.

பெரிய தொட்டி வாங்கிய மகிழ்ச்சியில் அவ்வில்லத்தார் பழைய கற்களையும் மணலையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, புதிய உப்புநீரில் மீன்களை விட்டனர். நான்காம் நாள் இரு மீன்களும் மடிந்தன. "சுத்தமாகத்தானே வைத்தோம், சாமி!" என்று சிறுமி விம்மினாள். அச்சுத்தமே கொன்றது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. கற்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அந்நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

ஆகவே, கற்களைப் பழைய உப்புநீரில் மூழ்கியபடியே மாற்றுதல் வேண்டும். தெளிந்த பழைய நீரையும் சேர்க்கலாம். அடிமணலைக் கலக்கி ஊற்ற வேண்டா. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு; புது நீரின் உப்பும் வெப்பமும் பழைய நீருக்கு ஒத்திருக்க வேண்டும். மீன்களை இறுதியிலேயே விடுக. சில நாட்கள் உணவைக் குறைத்து, அம்மோனியாவை அளந்து வருக.

பின்னர் அவ்வில்லத்தார் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து ஊறிய கற்களைப் பெற்று, ஆறு வாரம் பொறுத்தனர். சிறுமியும் மீனில்லாத தொட்டியின் முன் நாள்தோறும் காத்திருந்தாள். இன்று அங்கே ஒரு மீன் நீந்துகிறது.