மைஎஸ்க்யூஎல் கேட்டால் மரியாடிபி வருவது ஏன்?

டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வேர்ட்பிரஸ் அமைத்துப் பழக ஆசை. அதற்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தேவை என்று படித்துவிட்டு இன்ஸ்டால் செய்தால், மரியாடிபி என்று ஒன்று வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். இது டெபியன் குழுவினர் யோசித்து எடுத்த முடிவு.

டிபால்ட் என்றால் என்ன?

நீங்கள் தனியாக எதையும் குறிப்பிடாதபோது, லினக்ஸ் தொகுப்பு தானாகவே தேர்ந்தெடுத்துத் தருவதுதான் டிபால்ட். பெரும்பாலானோர் அதை மாற்றுவதில்லை. எனவே, அதில் பாதுகாப்புக் குறை வந்தால் சரிசெய்து தரும் பொறுப்பும் தொகுப்பாளர்களையே சேரும்.

இரண்டும் ஒரே குடும்பம்

மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவர் மைக்கேல் விடேனியஸ். மை என்பது அவருடைய மூத்த மகளின் பெயர். 2008ல் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லை வாங்கியது. 2010ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிள் சொந்தமாக டேட்டாபேஸ் விற்கும் நிறுவனம் அல்லவா? மைஎஸ்க்யூஎல்லின் எதிர்காலம் என்னாகுமோ என்ற கவலை எழுந்தது. ஜிபிஎல் உரிமம் இருந்ததால் மூல நிரலை யாரும் எடுத்து வளர்க்கலாம். விடேனியஸ் 2009லேயே அதைத் தனியாகப் பிரித்து வளர்க்கத் தொடங்கினார். இளைய மகள் மரியாவின் பெயரை அதற்கு வைத்தார்.

ஏன் மாறினார்கள்?

டெபியன் ஒரே பதிப்பைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதில் சேர்க்கும். எந்தத் திருத்தம் எந்த ஓட்டையை அடைக்கிறது என்று தெரிந்தால்தான் இது முடியும். ஆரக்கிள் அந்த விவரங்களைப் போதுமான அளவு வெளியிடுவதில்லை என்பதே முக்கியக் குறை.

ஓப்பன்சூசே 12.3, பெடோரா 19 ஆகியவை 2013லும், ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 2014லும், டெபியன் 9 2017லும் மரியாடிபிக்கு மாறின. உபுண்டு மட்டும் மைஎஸ்க்யூஎல்லிலேயே நின்றுவிட்டது. ஆகவே, பக்கத்து வீட்டு உபுண்டுவில் நீங்கள் காண்பது வேறாக இருக்கலாம்.

நமக்கு என்ன வித்தியாசம்?

பழகுவதற்கு எதுவும் இல்லை. வேர்ட்பிரஸ் இரண்டிலும் இயங்கும். அடிப்படை எஸ்க்யூஎல் கட்டளைகளும் ஒன்றே. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் தனித்தனி வழியில் வளர்ந்துவிட்டன. மைஎஸ்க்யூஎல் 8ன் டேட்டா போல்டரை அப்படியே காப்பி செய்து மரியாடிபியிடம் கொடுத்தால் அது ஏற்காது.

எனவே உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு மாறுவதாக இருந்தால், பழைய சிஸ்டத்தை அழிக்கும் முன் டேட்டாபேஸை டம்ப் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். டம்ப் என்பது வெறும் எஸ்க்யூஎல் கட்டளைகள் அடங்கிய டெக்ஸ்ட் பைல். அதைப் புதிய சிஸ்டத்தில் ஏற்றி, எல்லாத் தகவலும் வந்துவிட்டதா என்று திறந்து பாருங்கள். அதன் பிறகு பழையதை அழிக்கலாம்.