இழுக்கும் இடத்தில் ஸ்க்ரூ

கோழிக்கூடு அடிக்க ஆணி வாங்கலாமா, ஸ்க்ரூ வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். உட்காருங்கள், டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். இரண்டும் வேண்டும். எது எங்கே என்பதுதான் கேள்வி.

ஆணி இறங்கும்போது மர நார் ஒதுங்கி, அதை இரு பக்கமும் நெருக்குகிறது. அந்த நெருக்கல்தான் ஆணியின் பிடி. ஐப்பசி மழையில் மரம் ஊதுகிறது, சித்திரை வெயிலில் சுருங்குகிறது. இப்படி நாலைந்து முறை ஆனதும் பிடி தளர்ந்து, ஆணித்தலை மெல்ல எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூ அப்படியில்லை. அதன் மரை நாரைக் கவ்விக்கொண்டிருப்பதால் நேராக இழுத்தால் எளிதில் வராது.

அதற்காக ஆணியை மட்டமாக நினைக்க வேண்டாம். குறுக்கே பாரம் வந்தால் ஆணி வளைந்து தாங்கும். கால், சட்டம், கூரைத் தாங்கி என்று பாரம் உட்காரும் இடங்களுக்கு ஆணி போதும். இரண்டிரண்டாக, எதிரெதிர்ச் சாய்வில் அடியுங்கள். சவுக்குக் கம்பு என்றால் முதலில் டிரில்லால் சின்னத் துளை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஆணி வளையும், கம்பின் முனையும் பிளக்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது வீட்டுக்குள் ஜிப்சம் பலகை பொருத்துவதற்கானது. பாரம் வந்தால் வளையாமல் சட்டென்று ஒடியும், மழையில் துருப்பிடிக்கும். கோழி எச்சத்திலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண இரும்பு இன்னும் சீக்கிரம் போய்விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாங்குங்கள், முடிந்தால் துருப்பிடிக்காத எஃகான எஸ்.எஸ்.

இனி வலை. கூட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். நாய் வலையைப் பல்லால் கவ்வி இழுக்கும். கீரி தளர்ந்த ஓரமாகத் தேடி மூக்கை நுழைக்கும். எங்கள் கூட்டில் யு ஆணி மட்டும் அடித்திருந்தோம். ஒரு மழைக்கால விடியலில் போய்ப் பார்த்தால் கீழ் ஓரத்தில் மூன்று ஆணி கழன்றிருந்தது, நாலு பெட்டைக் கோழிகள் செத்துக் கிடந்தன. அதன்பிறகு அரை இஞ்ச் வெல்ட் மெஷ் கட்டி, ஓரத்தின்மேல் ரீப்பரை வைத்து, ஆறு இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கினோம். இன்றுவரை அசையவில்லை. கதவுக் கீலுக்கும் கொண்டிக்கும் ஸ்க்ரூதான்.

கோழி அடையும் குறுக்குக் கம்பையும் ஸ்க்ரூவிலேயே மாட்டுங்கள். அதன் முனை இடுக்கில்தான் உண்ணி ஒளியும். திருப்புளியால் கழற்றி, வெயிலில் போட்டு, சுத்தம் செய்து திரும்ப மாட்டலாம். ஆணி அடித்த கம்பை ஒவ்வொரு முறையும் பெயர்த்தால் மரந்தான் கெடும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: ஆணியோ ஸ்க்ரூவோ, மூன்றில் இரண்டு பங்கு அடிமரத்துக்குள் போக வேண்டும். முக்கால் இஞ்ச் ரீப்பருக்கு இரண்டேகால் இஞ்ச். கெட்டி மரமென்றால் ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் சோப்புத் தேயுங்கள், சுலபமாக இறங்கும்.

வேலை முடிந்ததும் கோழிகளை உடனே விட்டுவிடாதீர்கள். மின்னும் எதையும் அவை கொத்தி விழுங்கும். உள்ளே போன ஆணி அரைவைப் பையைக் குத்திவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி மண்மேல் இழுத்துப் பாருங்கள். எஸ்.எஸ். ஸ்க்ரூ பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. அதை மட்டும் குனிந்து கண்ணால்தான் தேட வேண்டும்.