காவிரிக் கரையில் ஒரு பாட்டுத் திருவிழா

விடியற்காலை. திருமானூர் கடைத்தெருவில் தஞ்சாவூர் பஸ்சுக்காக ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். தலையில் துண்டைக் கட்டிக் கொண்டு டீ குடிக்கிறார் ஒருவர். தூக்கம் கலையாத குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு நிற்கிறார் ஒரு தாய்.

பஸ் வருகிறது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுகிறது. இந்தக் கரை அரியலூர் மாவட்டம். அந்தக் கரை தஞ்சாவூர் மாவட்டம். விளாங்குடி வழியாகப் போனால், சிறிது நேரத்தில் திருவையாறு!

வழக்கமாக இந்தப் பஸ்சில் சந்தைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும்தான் இருப்பார்கள். இன்று மட்டும் பாட்டுக் கேட்கப் போகிறவர்களும் ஏறியிருக்கிறார்கள்.

இன்று தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நாள்.

தியாகராஜர் யார்?

அவர் 1767ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். வாழ்ந்தது திருவையாற்றில். ராமபிரான் மீது நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடினார். பெரும்பாலானவை தெலுங்கில் உள்ளவை. அவற்றுள் சுமார் 700 பாடல்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

அவர் பெரிய வித்வான். ஆனால் பணக்காரர் அல்ல. பாட்டை விற்றுப் பிழைக்க அவர் விரும்பவில்லை. தம்பூராவுடன் தெருவில் பாடிக் கொண்டே போவார். வீட்டுக்காரர்கள் அரிசி போடுவார்கள். அதுதான் சாப்பாடு. இதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர்.

1847 ஜனவரி 6ஆம் தேதி அவர் காலமானார். காவிரிக் கரையில் அடக்கம் செய்தார்கள். தை மாதத்தை ஒட்டி, பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஐந்தாம் நாள் அது. ஆண்டுதோறும் அந்தத் திதியில்தான் ஆராதனை நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரி மாதத்தில் வரும்.

மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28 வாக்கில்தான். ஆகவே பல ஆண்டுகளில் ஆராதனையின்போது ஆற்றில் தண்ணீர் ஓடிக் கொண்டிருக்கும். காலையில் படித்துறையில் குளித்துவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து கொண்டே பந்தலுக்குப் போகலாம்!

காலை ஊர்வலம்

காலையில் தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. அவர் பாடிய மாதிரியே பாகவதர்கள் பாடிக் கொண்டு வருகிறார்கள். ஜனங்கள் கூடவே நடக்கிறார்கள். ஊர்வலம் ஆற்றங்கரைச் சமாதிக்கு வந்து சேருகிறது.

அங்கே ஓலைக் கொட்டகை. உட்காரத் தரைதான். டிக்கெட் கிடையாது. முதலில் வந்தவருக்கு முன் இடம். பட்டணத்து டாக்டருக்குப் பக்கத்தில் நம் ஊர் உழவர் உட்கார்ந்திருப்பார்.

பாடுகிறவர்கள் எதிர் எதிராக, நீண்ட வரிசைகளாக அமருகிறார்கள். ஒரு பக்கம் ஆண்கள். ஒரு பக்கம் பெண்கள். பேர் பெற்ற வித்வான்களும் இருக்கிறார்கள். நேற்றுத்தான் பாட்டுப் படித்த சிறுமிகளும் இருக்கிறார்கள்.

புல்லாங்குழல் ஒலிக்கிறது. பிறகு எல்லோரும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். பஞ்சரத்தினம், அதாவது ஐந்து ரத்தினங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து பாடல்கள். முதல் பாடல் வடமொழி. மற்ற நான்கும் தெலுங்கு.

பாஷை தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்துக்கும் தாளம் ஒன்றுதான்: ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை. உங்கள் கை தானாகவே தொடையில் தாளம் போடும். பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவர் கையும் அப்படியே போடும்.

பெண்கள் பாடக் கூடாது!

இந்தப் பெண்கள் வரிசையை நன்றாகப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இது கிடையாது.

தியாகராஜர் மறைந்த பிறகு சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீடர் வழி வந்தவர்கள் அதைச் செப்பனிட்டு ஆராதனை நடத்தினார்கள். பிறகு அவர்களுக்குள் சண்டை வந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பெண்கள் அங்கே பாடக் கூடாது!

அப்போது வந்தார் ஒரு பெண். பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

அவர் 1878ஆம் ஆண்டு மைசூர்ச் சீமையில், தேவதாசி குலத்தில் பிறந்தவர். சென்னையில் பாடிப் பேரும் பணமும் சம்பாதித்தார். சமாதி பாழாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டார். மனம் பொறுக்கவில்லை. தம் பணத்தைப் போட்டு, அங்கே கோயில் எழுப்பத் துணிந்தார். 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். 1926 ஜனவரி 7ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது.

கோயில் கட்டியாயிற்று. ஆனால், கட்டியவருக்கே அங்கே பாட இடம் இல்லை!

அம்மாள் அழுது கொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. 1927ஆம் ஆண்டு பெண்களைத் திரட்டினார். பெண்களே நடத்தும் ஆராதனையைத் தொடங்கினார். இரண்டு கட்சிகள் மூன்றாயின!

இப்படியே பல ஆண்டுகள் ஓடின. 1941 வாக்கில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் ஆராதனை செய்யும் காலம் பிறந்தது. பஞ்சரத்தினத்தை எல்லோரும் கூடிப் பாடும் வழக்கமும் 1940களில் வேரூன்றியதுதான்.

எதிரே ஒரு சிலை

நாகரத்தினம்மாள் திருவையாற்றிலேயே தங்கி விட்டார். 1952 மே 19ஆம் தேதி காலமானார். தம் சொத்தை ஆராதனைக்கே எழுதி வைத்தார். பெண்கள் அங்கே பாடுவதற்குத் தடை இருக்கக் கூடாது என்பதையும் உயிலில் மறக்கவில்லை.

அவருடைய நினைவிடம் தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே இருக்கிறது. கை கூப்பி உட்கார்ந்திருக்கும் சிலை. கூட்டத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் போனால் அவசியம் பாருங்கள்.

பஞ்சரத்தினம் முடிகிறது. தீபாராதனை ஆகிறது. அதன் பிறகும் கச்சேரிகள் நடக்கின்றன. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். சன்மானம் எதிர்பார்த்து யாரும் வருவதில்லை. இங்கே பாடுவதையே பாக்கியமாக நினைக்கிறார்கள்.

பொழுது சாய்கிறது. திருமானூர்க்காரர்கள் பஸ்சைப் பிடிக்கிறார்கள். கொள்ளிடம் பாலத்தில் குளிர்ந்த காற்று வீசுகிறது. காலையில் தூங்கிய குழந்தை இப்போது விழித்திருக்கிறது. அது பெண் குழந்தை. காதில் விழுந்த மெட்டை, வாய்க்கு வந்த சொற்களை வைத்துப் பாடுகிறது.

"பாடாதே" என்று யாரும் சொல்லவில்லை.