விஷம் குடித்த பிறகு என்ன?

"டைரக்டருங்களுக்கு மட்டும் எங்கேருந்துண்ணா கற்பனை வருது?" என்று கேட்டான் தம்பி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறான். நைட் ஷிப்ட் முடிந்து ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வீட்டுக்குப் போகும் முன் ஒரு டீ. குறும்படம் எடுக்க வேண்டும் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறான். அதில் கடத்தல் கும்பல் இருக்கிறது, மறதி நோய் இருக்கிறது, இரட்டைப் பிறவிகள் இரண்டு ஜோடி இருக்கிறார்கள். ஊத்துக்கோட்டை மட்டும் இல்லை. ஏன் என்றால், "நம்ம ஊர்ல இன்னாண்ணா கதை இருக்குது? செக்போஸ்ட்டு, கால்வா, அவ்ளோதான்" என்கிறான்.

அவன் கேள்விக்குப் பதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆரணியாற்றங்கரையில், ஆந்திரா பக்கம், சுருட்டப்பள்ளி. பிரதோஷத்தன்று நம் ஊர் வழியாக அங்கே போகிற கூட்டத்தை அவனும் பார்த்திருக்கிறான். பாற்கடலைக் கடைந்தார்கள், விஷம் வந்தது, சிவன் குடித்தார், அம்பாள் கழுத்தைப் பிடித்தாள், நீலகண்டன் ஆனார். நாடு முழுக்கக் கதை இத்தோடு முடிந்துவிடும். சுருட்டப்பள்ளியில் மட்டும் யாரோ ஒருவர் ‘அப்புறம்?’ என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு விஷம் குடித்தவருக்குத் தலை சுற்றாதா? சுற்றியது. படுத்துவிட்டார். பார்வதியின் மடியில் தலை வைத்துக் கிடக்கிறார், தேவர்கள் கூடிநின்று பார்க்கிறார்கள். மற்ற ஊரில் எல்லாம் லிங்கமாக நிற்கிற சாமி இங்கே அலுத்துப்போன ஒரு புருஷனாகக் கிடக்கிறார். ‘அப்புறம்?’ என்று கேட்ட ஆள் புதிதாக ஒரு பாத்திரத்தையும் சேர்க்கவில்லை, புது வில்லனையும் கொண்டுவரவில்லை. தெரிந்த கதையில் எல்லோரும் எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். என் கணக்கில் கற்பனை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "அது சாமி கதைண்ணா. சினிமா வேற." சரி, சினிமாவுக்கே வருவோம். இயக்குநர் மகேந்திரன்.

1939இல் இளையான்குடியில் பிறந்தவர், இயற்பெயர் அலெக்சாண்டர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது எம்.ஜி.ஆர். வந்த விழாவில் மேடையேறி, அவர் முன்னாலேயே சினிமாவைக் கிண்டலடித்தார். கல்லூரியில் ஒருவன் காதலித்தால் ஊரே வேவு பார்க்கிறது. படத்தில் இவர் நடுத்தெருவில் டூயட் பாடுகிறார், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற மாதிரிப் பேச்சு. எம்.ஜி.ஆர். ரசித்துச் சிரித்தார். பிற்பாடு ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் கொடுத்தார். அந்தப் படம் நடக்கவில்லை. மகேந்திரன் பெயர் வாங்கியது வசனத்தால்தான். சிவாஜி கர்ஜித்த ‘தங்கப்பதக்கம்’ (1974) அவர் எழுதியது. வசனத்தில் சம்பாதித்தவருக்கு வசனம் வேண்டாம் என்று தோன்றியதுதான் இதில் வேடிக்கை.

1978இல் ‘முள்ளும் மலரும்’. உமாசந்திரன் எழுதி, கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கிய நாவலிலிருந்து எடுத்தது. மகேந்திரன் நாவலை அப்படியே படமாக்கவில்லை. காளி என்கிற விஞ்ச் ஆபரேட்டரையும் அவன் தங்கை வள்ளியையும் எடுத்துக்கொண்டு தன் வழியில் போனார். லாரி ஏறிக் காளிக்கு ஒரு கை போய்விடுகிறது. வீடு திரும்பியவனை வள்ளி பார்க்கிற காட்சியில் வேறு யாராக இருந்தாலும் இரண்டு பக்கம் அழவைத்திருப்பார்கள். இங்கே தொங்குகிற சட்டைக் கை, வள்ளியாக வரும் ஷோபாவின் முகம், காளியாக வரும் ரஜினியின் முகம், இளையராஜாவின் இசை. போதும். படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் வேணு செட்டியார், வசனமே இல்லையே என்று நொந்துபோனதை மகேந்திரனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது முடிவு. காளிக்குத் தன் மேலதிகாரியான இன்ஜினியரைப் பிடிக்காது. கடைசியில் தங்கையை அவருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான்; ஆனால் இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் சம்மதிக்கிறான். திருந்தவில்லை, காலில் விழவில்லை. காளியாகவே இருந்துகொண்டு வழிவிடுகிறான். ‘அந்த ஆள் அப்புறம் என்ன செய்வான்?’ என்ற கேள்விக்கு, ஊர் எதிர்பார்க்கிற பதிலைத் தள்ளிவிட்டு அந்த ஆளிடமே கேட்டுச் சொன்ன பதில் இது.

"விஞ்ச் ஆபரேட்டரா?" என்று நிமிர்ந்தான் தம்பி. இத்தனை நாள் ரஜினியைப் பார்த்தானே ஒழிய அந்த வேலையைப் பார்த்ததில்லை. ஆமாம்டா, உன் தொழில்காரன்தான். மில்லுக்குள் சத்தத்தில் பேச்சு காதில் விழாது; கீழே நிற்கிறவன் கையைத் தூக்கினால் தூக்கு, மடக்கினால் நிறுத்து. ராத்திரி முழுக்க இன்னொருவனின் கையை நம்பி, தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பு போகிறது. இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சண்டை என்று வை. வசனமில்லாத படத்தில்தான் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறாய். நோட்டில் கடத்தல் கும்பல் எழுதுகிறாய்.

கேள்வி எப்போதும் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அடுத்த வருஷம் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். விதை, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. தாயில்லாத பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சிற்றன்னை வந்த கதை அது. படமோ பெரும்பகுதி, சிற்றன்னை வருவதற்கு முன்பே நடக்கிறது. பிள்ளைகளைப் பெற்ற லட்சுமி எப்படி வாழ்ந்தாள், சுந்தரவடிவேலு என்கிற புருஷன் அவளை எப்படித் தேய்த்தான் என்று பின்பக்கமாக நடந்து போயிருக்கிறார். ‘அப்புறம்?’ என்பதற்குப் பதில் ‘அதுக்கு முன்னாடி?’. கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அவனும், உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு இறங்குகிறான். கெட்டவன் ஒழிந்தான் என்று கைதட்டவந்தவன் கை பாதியிலேயே நிற்கும். தம்பி இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி கால்வாய். இவனுக்கு ஒன்றுமில்லாததாகத் தெரிகிற அந்தக் கால்வாய். அதற்கு ஒரு வீட்டின் வழியாகப் போக வேண்டும்.

‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திரா, மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து முகம் மாறிப்போனதைப் பார்த்தவர். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு 1988இல் சென்னையில் ‘வீடு’ எடுத்தார். சுதா என்கிற சம்பளக்காரப் பெண், அவள் தாத்தா, ஒரு மனை, சிமெண்டைத் திருடும் கான்ட்ராக்டர். கொலை இல்லை, பாட்டும் இல்லை. வீடு பாதி எழுந்த பிறகு, இந்த இடத்தைக் குடிநீர் வாரியம் எப்போதோ எடுத்துக்கொண்டது என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிறார்.

அந்தக் குடிநீருக்கும் நம் கால்வாய்க்கும் தொடர்பு உண்டு. சென்னை தாகத்துக்கு வழி தேடி 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் போட்டார்கள். (இரண்டு மாநிலத்துக்கும் முதல்வர்களாக இரண்டு கதாநாயகர்கள், இதையே ஒரு படமாக எடுக்கலாம்.) ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவந்து அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைவது நம் ஊர் எல்லையில், தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில். முதல் தண்ணீர் வந்தது 1996. அங்கிருந்து பூண்டி ஏரி. சென்னையில் ஒரு சுதா குழாயைத் திறந்தால் விழும் தண்ணீருக்கு இந்தப் பக்கத்து முனை இங்கே இருக்கிறது.

ஒவ்வொரு தடவை தண்ணீர் வரும்போதும் பெரிய மனிதர்கள் பூ தூவுவார்கள், பேப்பரில் போட்டோ வரும். தம்பி அந்தப் போட்டோக்களைப் பார்த்திருக்கிறான். ஜீப்புகள் கிளம்பிய பிறகு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அளவுகோலைப் படித்து எழுதுகிற ஆள் இருப்பார் என்றான். அவருக்கு ராத்திரிச் சாப்பாடு யார் கொண்டுவருவார்கள்? கால்வாய்க்கு நிலம் கொடுத்த வீட்டில், கண்ணெதிரே ஓடுகிற தண்ணீரில் ஒரு மோட்டார் போடலாமா என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகத்தானே அந்தச் சண்டை நடக்கும்? தம்பி பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்தான். அது நல்ல அறிகுறியா, என்னை வாயடைக்கச் செய்த காரியமா என்று தெரியவில்லை.

"இதெல்லாம் யார்ண்ணா பார்ப்பாங்க?" என்று கடைசியில் கேட்டான். நியாயமான கேள்வி. ‘முள்ளும் மலரும்’ முதல் சில வாரங்கள் படுத்திருந்து, பார்த்தவர்கள் வாய்வழியாகப் பரவி, நூறு நாளைத் தாண்டியது. ‘வீடு’ அப்படி ஓடவில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சுதாவாக வந்த அர்ச்சனாவின் நடிப்புக்கும் தேசிய விருது வந்தது. ஆனால் அதன் நெகட்டிவ் பாழாகிவிட்டது. ‘சந்தியா ராகம்’ கதியும் அதுதான். தான் எடுத்ததில் மேலானவை என்று பாலு மகேந்திரா நினைத்த இரண்டு படங்கள் அவை. தன் படங்களையே பாதுகாக்க ஓர் இடம் இல்லையே என்று 2014இல் இறக்கும்வரை புலம்பினார். அதனால் யார் பார்ப்பார்கள் என்ற கவலையைப் பிறகு வைத்துக்கொள், முதலில் எடுத்ததை இரண்டு இடத்தில் காப்பி போட்டு வை என்றேன். போனில் இடமே இல்லை, எல்லாம் ரஜினி ரீல்ஸ் என்றான்.