ஏழு மணி நேரத்தில் மூணு கிளாஸ்!

தாம்பரம் பக்கம் எப்போதாவது பீர் வாங்கியிருக்கிறீர்களா? (வீட்டில் யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், 'சேச்சே!' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.)

வாங்கும் முறை ரொம்ப சுலபம். கம்பி வலைக்குள் கையை விடவேண்டும். 'பீர்' என்று சொல்லவேண்டும். 'கூலிங் இருக்கா?' என்று கேட்கவேண்டும். 'இல்ல' என்று பதில் வரும். 'பரவால்ல, குடுங்க' என்று வாங்கிக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தபடி நடையைக் கட்டவேண்டும். எந்தக் கம்பெனி, எப்போது செய்தது, எப்படி இருக்கும்... மூச்! கல்யாணமான புதிதில் தலையணை வாங்கப் போனபோதுகூட நான் ஏழு கேள்வி கேட்டிருக்கிறேன். பீருக்கு ஒரே கேள்விதான். அதற்கும் ஒரே பதில்தான்.

இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் ஓடியிருக்கும். குரோம்பேட்டையின் ஆபீஸுக்கு பெங்களூரிலிருந்து ஒருத்தன் மாற்றலாகி வந்தான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதோ? "எங்க ஊர் பீர்ல வாழைப்பழ வாசனை வரும், தெரியுமா?" என்று கொளுத்திப் போட்டுவிட்டான்.

"பழம் போட்டா வரும்" என்றான் குரோம்பேட்டை.

"ஒரு பழமும் போட மாட்டாங்க. தானா வரும்."

குரோம்பேட்டை நம்பவில்லை. பந்தயம் கட்டிவிட்டு, சாட்சிக்கு எங்களையும் கூப்பிட்டான். நண்பர்களின் பெயரை எழுத முடியாது. எல்லார் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வருகிறது. எனவே, இறங்கும் ஸ்டேஷன் பெயரே போதும். குரோம்பேட்டை, பெருங்களத்தூர், பல்லாவரம், அப்புறம் நான், தாம்பரம். இதில் பல்லாவரம் குடிப்பதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. "கணக்கு எழுத ஆள் வேணும்ல?" என்று தானாகவே வந்தான்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை, வண்டிகளைத் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு (தாம்பரத்தில் ஏறினால்தான் உட்கார இடம் என்பது எங்கள் கட்சி) எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து, பார்க்கில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஓடி, பெங்களூர் ரயிலில் ஏறினோம்.

ஒரே நாளில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்கு ஒரு கிளாஸ் என்று ருசி பார்ப்பதற்கு வெள்ளைக்காரன் 'பப் கிரால்' என்று பெயர் வைத்திருக்கிறான். கிரால் என்றால் தவழ்வது. கடைசிக் கடையிலிருந்து எப்படி வெளியே வருவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடும் நேர்மையான பெயர்!

பெங்களூருக்கும் பீருக்கும் உறவு பழையது. கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது. பட்டாளத்துக்கு தாகம் இருந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மேன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவிலிருந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக இணைத்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். அதில் நம் நீலகிரி ஆலையும் ஒன்று. பீப்பாயில் அடைத்து மாட்டு வண்டியில் பட்டாளத்துக்கு அனுப்புவார்களாம். இன்று யு.பி. சிட்டி என்று பளபளக்கிற கட்டடம் நிற்பது பழைய பீர் ஆலை இருந்த இடத்தில்தான்.

அதற்குப் பக்கத்து லாவல் ரோட்டில் 2011-ல் 'பியர் கிளப்' என்று ஒன்று திறந்தார்கள். கடைக்குள்ளேயே பாத்திரம் வைத்து, அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடை. இந்தியாவில் இது முதல் கடை இல்லை. குர்கானும் புனேயும் முந்திக்கொண்டன. ஆனால், ஊரே இதைப் பிடித்துக்கொண்டது பெங்களூரில்தான். அதே வருஷம் அக்டோபரில் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளிக்கு மெட்ரோ ஓட ஆரம்பித்தது. பீரையும் மெட்ரோவையும் ஒரே வருஷத்தில் கொடுத்தவர்கள் குடிமகனின் கஷ்டம் தெரிந்தவர்கள்! நாங்கள் அந்த மெட்ரோவை நம்பித்தான் போனோம்.

முதல் கடையின் பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார்கள். உள்ளே பாட்டு அலறிய அலறலில், 'வீட்' என்று கேட்ட பெருங்களத்தூருக்கு 'சுவீட்' ஏதோ வந்தது. ஆனால், அந்தக் கடையில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயர ஸ்டீல் டேங்குகள். அதைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் குரோம்பேட்டை தன் சொந்த இங்கிலீஷில், "ஸார், பனானா ஹவ் கமிங்?" என்று கேட்க, அவர் சிரித்துவிட்டு, "தமிழ்லயே கேளுங்க ஸார், நான் ஓசூர்" என்றார்.

ஓசூர்க்காரர் விளக்கியது இதுதான். பீருக்கு வேண்டியது நாலே சாமான். தண்ணீர், முளைகட்டி வறுத்த பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற பூ, அப்புறம் ஈஸ்ட். பார்லியோடு கோதுமையும் சேர்த்து ஊற வைத்து, சர்க்கரைத் தண்ணியாக வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து ஈஸ்ட்டை விட்டால், அது சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹாலையும் காற்றையும் விடுகிறது. அத்தோடு, சில ஜாதி ஈஸ்ட் வேலை செய்யும்போது வாழைப்பழத்தில் இருக்கிற அதே வாசனைப் பொருளையும் உண்டாக்குகிறது. கூடவே கொஞ்சம் கிராம்பு வாசனையும் வரும். ஜெர்மனியில் கோதுமை பீர் என்றாலே இந்த வாசனைதான்.

"நம்ம வீட்ல இட்லி மாவு பொங்குது இல்ல? அதே சங்கதிதான் ஸார். மாவு உசிரோட இருக்கு. இதுவும் உசிரோட இருக்கு" என்றார்.

கிளாஸ் வந்தது. கலங்கலாக, இளமஞ்சளாக இருந்தது. குரோம்பேட்டை மூக்கை உள்ளே விட்டான். முகம் விழுந்துவிட்டது. பல்லாவரம் குடிக்கவில்லை, கிளாஸை வாங்கி முகர்ந்து மட்டும் பார்த்தான். "பஞ்சாமிர்தம்டா!" என்றான். பந்தயம் முடிந்தது.

அந்த 'உசிரோட இருக்கு' என்ற வார்த்தைதான் என்னை விடவில்லை. பாட்டில் பீரை வடிகட்டி, சூடு காட்டி, ஈஸ்ட்டை ஒழித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாமல் லாரியில் போகவேண்டுமே! இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் இப்படியே எல்லா பீரையும் மாற்றிக்கொண்டு வந்தபோது, 1971-ல் நாலு நண்பர்கள் அயர்லாந்துக்கு சுற்றுலா போன இடத்தில் வயிறெரிந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். காம்ரா என்று பெயர். பீப்பாய்க்குள்ளேயே உயிரோடு புளித்து, காற்று எதுவும் ஏற்றாமல், ஐஸ் இல்லாத இதமான குளிர்ச்சியில், கை பம்ப்பால் இழுத்து ஊற்றுவதுதான் 'ரியல் ஏல்', நிஜ பீர் என்று கொடி பிடித்தார்கள். சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. (நாங்களும் நாலு பேர்தான். நாங்கள் ஆரம்பித்தது ஒரு சீட்டு. அதுவும் நடுவில் நின்றுபோனது.)

உயிரோடு இருக்கிற பானம் நமக்கு மட்டும் புதுசா என்ன? காலையில் இறக்கினால் இனிப்பு, மத்தியானம் சுள்ளென்று ஒரு புளிப்பு, மறுநாள் வாயில் வைக்க முடியாது. கள்ளைத்தான் சொல்கிறேன். பனை நமக்கு மாநில மரம். கள் 1987-லிருந்து தடை. பாலக்காடு தாண்டினால் கேரளாவில் போர்டு மாட்டி விற்கிறார்கள்.

இரண்டாவதாக மக்ராத் ரோட்டில் 'ஆர்பர்'. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கம்பெனியின் பெங்களூர்க் கிளை, 2012-ல் வந்தது. இங்கே 'இந்தியா பேல் ஏல்' கேட்டோம். இந்தியாவின் பெயரில் ஒரு பீர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவர் தன் பீரைக் கப்பல் கேப்டன்களுக்குக் கடனுக்குக் கொடுப்பார். பதினெட்டு மாதம் வரை தவணை! பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தவணைதான் அவருடைய வெற்றி ரகசியம். பீர் மாதக்கணக்கில் கடலில் ஆடிக்கொண்டே வரும். ஹாப்ஸ் அதிகம் போட்டால் சீக்கிரம் கெடாது. எனவே கசப்பு தூக்கல். அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா படகில் அலைக்கு அலை குதித்துத்தான் சரக்கெல்லாம் கரையேறும். சரக்கு என்றால் அந்தச் சரக்கும்தான்!

கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. பாகற்காய் பிட்லையை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற பெருங்களத்தூர் ஒருவனுக்குத்தான் பிடித்தது. நான் பாதி கிளாஸ் வரை அவஸ்தைப்பட்டேன். அதற்கப்புறம் கசப்புக்கு அடியில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஏதோ ஒன்று தெரிய ஆரம்பித்தது. அவசரப்பட்டிருந்தால் தெரிந்திருக்காது.

மறுபடி மெட்ரோ ஏறி, இந்திராநகர். '100 அடி ரோடு' என்று பெயர். மெட்ராஸில் அசோக் நகர்ப் பக்கம் இருப்பது போலவே, ஆனால் பஸ் ஸ்டாண்ட் வாசனை இல்லாமல். அங்கே 'டாய்ட்'. பாஸ்மதி அரிசி போட்டு ஒரு பீர் செய்கிறார்கள். பிரியாணி அரிசியில் பீரா என்று சிரித்துக்கொண்டே கேட்டோம். அன்றைக்குச் சாப்பிட்டதிலேயே லேசானது, எனக்குப் பிடித்தது அதுதான். பக்கத்து டேபிளில் ஒரு தாத்தா, பாட்டி, பேரன், மருமகள் என்று குடும்பமே உட்கார்ந்து பீட்ஸா தின்றுகொண்டிருந்தது. தாத்தா கையில் மட்டும் கிளாஸ். யாரும் யாரையும் ஒரு மாதிரி பார்க்கவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ராத்திரி மெயிலில், மிடில் பெர்த்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் பல்லாவரம் நோட்டை எடுத்தான்.

"ஆளுக்கு மூணு கிளாஸ். கிளாஸ் 330 மில்லி. சராசரி அஞ்சு சதவீதம்னு வை. மொத்த ஆல்கஹால் 49.5 மில்லி. நேரம், ஏழு மணி நேரம். நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் 650 மில்லி, எட்டு சதவீதம். 52 மில்லி. நேரம், பத்து நிமிஷம்."

யாரும் பேசவில்லை. கணக்கு அப்படி. சாதா பீருக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பாட்டில் அளவும் ஒன்று. கிக்குக்குக் காசு கொடுப்பவன் எதை எடுப்பான்? இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்காக இருப்பதற்கு நாக்கு காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். நம் மாநிலத்தில் கணக்கோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கை ஆரம்பித்தார், 1971-ல் எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக வந்த டாஸ்மாக், 2003 கடைசியில் சில்லறையையும் எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து குடிக்கும் நல்ல இடம் என்றால் பெரிய ஹோட்டல், இல்லாவிட்டால் கிளப். காசிருந்தால் கிளப், இல்லாவிட்டால் கம்பி வலை. நடுவில் ஒன்றும் கிடையாது. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளிப் போகச் சொல்லி சுப்ரீம் கோர்ட் சொன்னதில், ஜி.எஸ்.டி. ரோட்டில் வெளிச்சத்தில் நின்று வாங்கியவர்கள் உள்தெருவின் இருட்டில் நின்று வாங்க ஆரம்பித்ததுதான் நாங்கள் கண்ட மாற்றம்.

"இந்த மாதிரி கடை பல்லாவரத்துல இருந்திருந்தா, எங்க அண்ணன் பொழைச்சிருப்பானாடா?" என்றான் பல்லாவரம், நோட்டை மூடிக்கொண்டே.

அவன் அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. கல்லீரல். நாற்பத்தோரு வயசு. அந்தப் பதினாறாம் நாள் காரியத்திலிருந்துதான் இவன் தொடுவதில்லை. எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனே சொன்னான்.

"மாட்டான். அங்க ஒரு கிளாஸ் விலைக்கு இங்க ஏறக்குறைய ரெண்டு பாட்டில் வருது. அவன் இங்கதான் நின்னிருப்பான். இதெல்லாம் சம்பளம் வாங்கறவன் கடை." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "ஆனா ஒண்ணுடா. அவன் பாட்டிலைத் திறந்து ஒருநாளும் வாசனை பார்த்ததில்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஊத்துவான். கேட்டா, 'ருசி பார்த்தா எறங்காதுடா'ம்பான். இருபது வருஷம்டா. இருபது வருஷம் குடிச்சும் அது என்ன ருசின்னு அவனுக்குத் தெரியாது."

லைட்டை அணைத்துவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டான். பெருங்களத்தூர் குறட்டை விட ஆரம்பித்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. குரோம்பேட்டையும் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது கேட்டது.

விடிகாலையில் சென்ட்ரல், பார்க், எலெக்ட்ரிக் டிரெயின், தாம்பரம். வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஸ்டேஷன் வெளியே டீக்கடையில் நின்றோம்.

"ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மி" என்றான் குரோம்பேட்டை.

"எனக்கு லைட்டா. இஞ்சி தட்டிப் போடுங்க" என்றான் பெருங்களத்தூர்.

"ஆடை இல்லாம, நல்லா ஆத்திக் குடுங்க அண்ணே" என்றேன் நான்.

பல்லாவரம் பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றான். "டிகாஷன் புதுசா போட்டதா, ராத்திரிதா?"

"இப்பத்தான் தம்பி எறக்குனேன்."

"அப்ப பால் கொஞ்சமா விடுங்க."

மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் நாலையும் நாலு விதமாக ஆற்றி வைத்தார். காசு குரோம்பேட்டைதான் கொடுத்தான். பந்தயத்தில் தோற்றவன் அவன்தானே!