ஜவ்வாது மலை மாணவர்களும் இணையவழிச் சேர்க்கைக் குழுக்களும்: யாருடைய அளவுகோல்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் யூடியூப் அலைவரிசைகளிலும் ஒரே கேள்வி நிறைந்து வழிகிறது: "இந்தக் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?" 2018ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய பிறகு, சேர்க்கை குறித்த பேச்சும் பெருமளவு அலைபேசித் திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இம்மாற்றம் எல்லா மாணவர்களையும் ஒன்றுபோலவே பாதிக்கிறதா என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

நகரத்தின் நடுத்தர வர்க்க மாணவருக்கு இக்குழுக்கள் பல குரல்களுள் ஒன்று மட்டுமே. பொறியாளரான சித்தப்பா, கல்லூரியில் பயிலும் அக்கா, பயிற்சி மைய ஆசிரியர் எனக் கேட்டறிய அவருக்கு வேறு பலர் உண்டு. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமம் ஒன்றில், குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவிக்கோ அலைபேசியில் ஒலிப்பதே பெரும்பாலும் ஒரே குரல். அந்தக் குரல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு வலிமை பெற்றுவிடுகிறது.

பொதுப்பிரிவின் கணக்கு எல்லோருக்குமான கணக்கா?

பொறியியல் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. 195 எடுத்தவர் "என் வாழ்க்கை முடிந்ததா?" என்று கேட்கும் குழுவில், 130 எடுத்த மலை மாணவி வாய் திறக்கத் தயங்குவது இயல்பு. பொறியியல் தனக்கானது அன்று என அவர் முடிவு செய்துவிடவும் கூடும். அக்குழுவில் பேசப்படுவது பெரும்பாலும் பொதுப்பிரிவின் கணக்கு என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், 1990 முதல் பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடும் உண்டு. கலந்தாய்வில் பொதுத் தரவரிசையோடு சமூகவாரித் தரவரிசையும் தரப்படுகிறது. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரங்களும் சமூகவாரியாகவே வெளியிடப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, வருமான வரம்புக்குட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில் செலுத்த வேண்டிய கட்டணத்தையும் அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. இவை எவையும் சலுகைகள் அல்ல. போராடிப் பெற்ற உரிமைகள்.

இந்த உரிமைகளை அறியாத மாணவர்தான் இடைத்தரகரின் இலக்கு. "இடம் உறுதி, இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்னும் அழைப்புகளும் இதே குழுக்கள் வழியாகவே வருகின்றன. கலந்தாய்வைத் தவிர்த்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தபின் கல்வி உதவித்தொகை பெறுவதில் சிக்கல் எழும்போது, வழிகாட்டியவரின் எண் அணைக்கப்பட்டிருக்கும். கடன் மட்டும் குடும்பத்தின் தலையில் மிஞ்சும்.

சான்றிதழ் என்னும் மலைப்பாதை

குழுக்களின் அறிவுரை சமவெளி மாணவரையே மனத்தில் கொண்டது. "சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்" என்பார்கள். பட்டியல் சாதியினருக்கு இது பொருந்தும். பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரமோ வருவாய்க் கோட்டாட்சியருக்கு உரியது. இ-சேவை வழியாக விண்ணப்பித்தாலும் விசாரணைக்கும் ஆவணங்களுக்கும் மலையிறங்க வேண்டியிருக்கும். மலையாளி சமூகம் பழங்குடியினர் பட்டியலில் மாவட்டவாரியாகவே இடம்பெற்றுள்ளது. ஜவ்வாது மலை அதில் "வட ஆர்க்காடு" என்னும் பழைய பெயருக்குள் அடங்குகிறது. இன்று இம்மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இத்தகைய நுட்பங்களைப் பொதுவான காணொளிகளில் எதிர்பார்க்க முடியாது. தேர்வு முடிவுக்குப் பிறகு சான்றிதழுக்கு ஓடத் தொடங்குபவர் கலந்தாய்வைத் தவறவிடும் ஆபத்து மிகுதி.

காலக்கெடு ஏழைகளுக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு அதுல் குமார் வழக்கு சான்று. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தலித் மாணவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 2024 ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாயைச் செலுத்த முடியாததால் அதை அவர் இழந்தார். தினக்கூலித் தொழிலாளியின் மகனான அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, செப்டம்பர் 30 அன்று தனக்கான இடத்தை மீட்டார். நீதிமன்றப் படியேற முடியாதவர்களின் கதைகள் செய்தியாவதில்லை.

ஏளனத்தின் விளைவு

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. தேர்வெழுதும் மாணவர் கூடும் இணையவெளிகளில் இடஒதுக்கீட்டை இழித்துரைக்கும் கேலிப்படங்கள் சாதாரணமாக உலவுகின்றன. "உன் தரவரிசை என்ன? எந்தப் பிரிவு?" என்பதே அறிமுகக் கேள்வி. வளாகத்திலும் இக்கேள்வி சாதியைத் துருவும் கருவியாவதால்தான், 2023இல் மும்பை ஐ.ஐ.டி. வெளியிட்ட நெறிமுறைகள் சக மாணவரின் தரவரிசையைக் கேட்பது முறையன்று என அறிவுறுத்தின. கல்லூரிக்குள் நுழைந்தவருக்கே இக்காப்பு தேவைப்படுகிறது எனில், நுழையும் முன்பே அந்த ஏளனத்தை அன்றாடம் படிக்கும் பதினேழு வயதினரின் நிலை என்ன? உரிமையைக் கோரவே கூச்சப்படும் மனநிலை இங்குதான் விதைக்கப்படுகிறது. கூச்சத்தால் விண்ணப்பிக்காதவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் "மறுக்கப்பட்டவர்" எனப் பதிவாக மாட்டார்.

அந்த விலகலின் விலை ஜவ்வாது மலைக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களுள் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வேறு வாழ்வாதாரம் இல்லாமையே மலையின் ஆண்களை இடைத்தரகர்களிடம் கொண்டு சேர்க்கிறது. இங்கு கல்லூரிச் சேர்க்கை வெறும் பட்டக் கனவு அன்று.

திரையைக் கைப்பற்றுவோம்

அலைபேசியைப் பறிப்பது தீர்வாகாது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார் என்ற செய்தி 2024இல் அலைபேசிகள் வழியாகவும்தான் பரவியது. அதே ஆண்டு பச்சைமலையின் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யிலும், 2025இல் கருமந்துறை மலை மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இடம்பெற்றனர். இத்தகையோர் எப்படி விண்ணப்பித்தனர், எந்தச் சான்றிதழ் எப்போது தேவைப்பட்டது என்னும் அனுபவ அறிவு மலையின் மொழியில் மலைக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே, கல்லூரியில் பயிலும் தோழர்களிடம் நாம் முன்வைப்பது இதுவே. உங்கள் பள்ளிக்கென ஒரு குழுவைத் தொடங்குங்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கைவசம் உள்ளனவா எனக் கேளுங்கள். கட்-ஆஃப் பட்டியலில் மாணவர் தம் சமூகத்துக்குரிய மதிப்பெண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கலந்தாய்வு நாள்களில் இணைய இணைப்புள்ள ஓரிடத்தில் அவர்களோடு அமருங்கள். சேவை மையங்கள் மலைமீதே இயங்க வேண்டும், கோட்டாட்சியரின் சான்றிதழ் முகாம்கள் தேர்வுக்கு முன்பே நடைபெற வேண்டும் என அரசை வலியுறுத்துவது இயக்கங்களின் கடமை.

ஒரு விழுக்காடு என்பது சிறிய எண்தான். அந்த இடங்களும் நிரப்பப்படாமல் போவதற்கு மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் காரணமாகச் சொல்வதை நாம் இனியும் ஏற்கலாகாது.