காவேரியின் மீன்களும் அவற்றை ஆராய்வோர் தொழிலும்

சித்திரை, வைகாசி மாதங்களில் பவானி, மோயாறு, அமராவதி முதலிய ஆறுகளில் ஓட்டம் ஒடுங்கி, ஆங்காங்கே மடுக்களில் மாத்திரம் ஜலம் தங்கி நிற்கும். அக்காலத்தில் ஒருவர் முழங்காலளவு நீரில் இறங்கி, சிறு சீசாக்களில் ஜலம் மொண்டு, கற்களைப் புரட்டிப் பார்த்து, பிடித்த மீனை அளவுகோலின்மேல் கிடத்தி அளந்து, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுவாராயின், கரையிலுள்ளோர் அவரை மணல் குவாரிக்கு அளவெடுக்க வந்தவரென்றோ, புத்தி சற்றுப் பேதலித்தவரென்றோ கருதுவது இயல்பு. அகப்பட்ட மீனைக் குழம்புக்குக் கொண்டுபோகாதவரை வேறு எவ்வாறு கருதுவது? ஆயினும் அவர் செய்யும் வேலை, பயிரின் முகத்தைப் பார்த்து மண்ணின் குணத்தை அறியும் குடியானவருடைய வேலையை ஒத்ததேயாகும். மீனைக்கொண்டு ஆற்றின் நிலையை அறிவதும், ஆற்றின் நிலையைக்கொண்டு மீனின் வருங்காலத்தை அறிவதும் அவர் தொழில். அந்த ஆற்றின் ஜலமே நம் வாய்க்கால்களுக்கு வருவதால், அவர் கண்டறிவனவற்றுள் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளத்தக்கவை பல உண்டு.

ஜலப் பரிசோதனை

மீன் ஆராய்ச்சியாளர் முதலிற் பார்ப்பது ஜலத்திற் கரைந்துள்ள பிராணவாயுவின் அளவு. மீன் செவுள்களின் வழியாக இவ்வாயுவையே கிரகிக்கிறது. ஜலம் குளிர்ச்சியாயிருந்தால் அதில் அதிக வாயு கரையும், சூடேறினால் குறையும். 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராமே தாங்கும். கரையோர மரங்களை வெட்டி, நிழலைப் போக்கி, ஓட்டத்தையும் குறைத்துவிட்ட ஆற்றில் மீன் எதனால் திணறுகின்றதென்பது இதனால் விளங்கும்.

இதனை அளக்கும் முறை 1888ம் வருஷத்தில் விங்க்ளர் என்னும் ரஸாயன சாஸ்திரியால் கண்டுபிடிக்கப்பட்டது. காற்றுக்குமிழி புகாமல் சீசாவில் ஜலத்தை நிரப்பி, மாங்கனீஸ் உப்பையும் காரங்கலந்த அயோடைடு திரவத்தையும் சேர்த்தால், பிராணவாயு இருக்குமாயின் பழுப்பு நிறமான வண்டல் திரளும். அறவே இல்லையாயின் வண்டல் வெண்மையாகவே நிற்கும். பின்னர் அமிலம் சேர்த்து, கஞ்சித் திரவத்தால் நீல நிறம் உண்டாக்கி, அந்நிறம் மறையும்வரை வேறொரு திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளவைக் கணக்கிடுவர். இக்காலத்தில் மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. எனினும் கருவியின் கணக்கைச் சரிபார்க்க இப்பழைய முறையையே நம்புவோர் உளர்.

ஜலத்தை எந்த வேளையில் மொள்ளவேண்டும் என்பது முக்கியம். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை வெளியிடுவதால், பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த ஜலம் எவ்வளவு கெட்ட மடுவையும் நல்லதாகவே காட்டும். இரவு முழுவதும் செடிகளும் மீன்களும் அவ்வாயுவைச் செலவழித்த பின்னர், விடியற்காலையிலேதான் அது மிகவும் குறைந்திருக்கும். ஆகையால் உண்மையை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் சூரியோதயத்துக்கு முன்பே ஆற்றில் இறங்குகின்றார். குளத்தில் மீன் வளர்ப்போரும் இதனை நினைவிற்கொள்ளவேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியினாலன்று.

மீன் இருக்கின்றது, ஆதலால் ஜலம் நன்றாயிருக்கின்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை செவுளாலன்றி, மேலே வந்து காற்றையும் நேராகச் சுவாசிக்கும் உறுப்புடையவை. சாக்கடைக்கு ஒப்பான குட்டையிலும் இவை உயிர்வாழும். பாறையோடு ஒட்டிக்கொள்வதற்கு வாயின் கீழ் தட்டுப்போன்ற உறுப்புடைய சிறு மீன்களும், கூழாங்கற்களிடையே திரியும் அயிரை வகைகளும் அப்படிப்பட்டவையல்ல. முன்னிருந்த ஓடையில் இவை மறைந்து விராலும் தேளியும் மாத்திரம் எஞ்சியிருந்தால், அந்த ஓடைக்கு ஏதோ கேடு நேர்ந்திருக்கிறதென்று ஐயுறவேண்டும்.

மீனின் வயதை அறிவதற்குச் செதிலையும் காதிலுள்ள சிறு கல்லையும் பூதக்கண்ணாடியால் பார்ப்பர். மரத்தை அறுத்தால் வளையங்கள் தோன்றுவதுபோல் இவற்றிலும் வளையங்கள் தோன்றும். குளிர்தேசங்களில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் நாட்டில் கடுங்குளிரின்மையால் வளையங்கள் அவ்வளவு தெளிவாயிரா. கோடை வறட்சியும் முட்டையிடும் காலமும் வளர்ச்சியைத் தடைப்படுத்துவதால் உண்டாகும் கோடுகளைக்கொண்டே கணக்கிட வேண்டியிருக்கிறது. இதில் அனுபவமில்லாதவர் கணக்குப் பெரும்பாலும் தவறிப்போகும்.

திமில் மஹசீரின் கதை

மஹசீர் என்பது பெரிய செதில்களையுடைய கெண்டை ஜாதி. காவேரியில் வாழும் மஹசீருக்குத் தலைக்குப் பின்னே முதுகு காளையின் திமில்போல் உயர்ந்திருக்கும். துடுப்புகள் ஆரஞ்சு நிறமுடையவை. உலகிலுள்ள கெண்டை ஜாதிகளுள் மிகப் பெரியனவற்றில் இஃதொன்று. 1946ம் வருஷத்தில் கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ நிறையிருந்தது. காவேரியிலும் அதன் உபநதிகளிலுமன்றி வேறெங்கும் இம்மீன் இயற்கையில் இல்லை.

கட்லா, ரோகு முதலிய கெண்டைகள் தம் உடல் எடையில் கிலோவுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இடும். மஹசீரோ சில ஆயிரங்களே இடும். மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, பிராணவாயு நிறைந்து ஓடும் இடத்தில், கூழாங்கற் படுகையில் முட்டையிடுவது அதன் வழக்கம். ஆகவே படுகையிலுள்ள கல்லையும் மணலையும் வாரிவிட்டாலும், மேலேறும் வழியை அடைத்துவிட்டாலும், மின்சார உற்பத்திக்காக ஜலத்தைத் திடீரென்று விட்டுத் திடீரென்று நிறுத்தி முட்டைகள் வறண்ட தரையில் கிடக்கும்படி செய்தாலும், அதன் சந்ததி அற்றுப்போகும். சிவசமுத்திரத்தில் 1902லும், பைக்காராவில் 1932லும் மின்சார நிலையங்கள் ஏற்பட்டன. நாட்டுக்கு அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் மீனைப் பற்றி அக்காலத்தில் நினைத்தவர் சிலரே.

மஹசீர் குறைகின்றதென்று கண்டபொழுது, நல்லெண்ணத்துடனேயே ஒரு பரிகாரம் செய்யப்பட்டது. மஹாராஷ்டிரத்தில் லோனாவாலா என்னுமிடத்தில் பொரித்த மஹசீர்க் குஞ்சுகளை 1970களிலிருந்து காவேரியில் கொண்டுவந்து விட்டனர். அவை கிருஷ்ணா நதித் தொகுதியைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீர். திமில் மஹசீர் அல்ல. அக்காலத்தில் இரண்டையும் மஹசீர் என்ற ஒரே பெயரால் அழைத்தார்களேயன்றி, எந்த ஆற்றுக்கு எந்த இனம் உரியது என்று நிதானிக்கவில்லை. ஒரு கிராமத்தில் விதைநெல் தட்டுப்பட்டால், நெல்லென்ற பெயருடைய எதையாவது கொண்டுவந்து விதைக்கச் சொல்லும் விவசாய உத்தியோகஸ்தரை மிராசுதாரர்கள் என்ன சொல்வார்கள்? ஆற்றுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இல்லாததால் அங்கே கேட்பாரில்லை.

கணக்கில் மறைந்த நஷ்டம்

இதன் விளைவு பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. கர்நாடக எல்லைக்குள் சிவசமுத்திரத்துக்குக் கீழே, தூண்டிலிட்டுப் பிடித்த மீனை உயிருடன் திருப்பிவிடும் முகாம்கள் நடைபெற்று வந்தன. அங்கே 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் 2015ல் பரிசீலித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 23,600 மணி நேரம் தூண்டிலிட்டதில் 6,100க்கு மேற்பட்ட மஹசீர்கள் அகப்பட்டிருந்தன. மணிக்கணக்கில் பார்த்தால் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை வரவர உயர்ந்தே வந்தது. இதை மாத்திரம் பார்ப்பவர், பாதுகாப்பு நன்கு பலித்தது என்று மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுவார்.

இன்னும் சற்று நுணுகிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. பெருகிய மீன்களெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்த நீலத்துடுப்பு மஹசீர்கள். திமில் மஹசீர் ஆண்டுக்காண்டு அருகிவந்தது. கிடைத்த சிலவும் பெரும்பாலும் பெரியனவாயிருந்தன. அவற்றின் இளமீன்கள் காணப்படவில்லை. கிழவர்கள் மாத்திரம் வாழும் ஊர்போல் ஆயிற்று அதன் நிலை. மொத்தத் தொகை ஏறியதால் உள்ளே நேர்ந்த இழப்பு மறைந்துபோயிற்று. ஒவ்வொரு மீனின் இனத்தையும் எடையையும் தனித்தனியே எழுதிவைத்தவர்கள் இருந்திராவிட்டால் இது இன்றும் தெரிந்திராது.

மற்றொரு விந்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் புகழ்பெற்றிருந்த இம்மீனுக்குத் திட்டமான சாஸ்திரப் பெயர் 2018 வரையில் நிலைநாட்டப்படாமலிருந்ததே. காவேரியில் அருகிப்போன திமில் மஹசீரை ஆராய்ச்சியாளர்கள் தேடிச்சென்று மோயாற்றில் கண்டனர். துடுப்பின் ஓரத்தில் சிறு துணுக்கை வெட்டியெடுத்து, அதன் மரபணுவைப் பரிசோதித்தனர். அமராவதியின் மேற்பகுதியாகிய பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த டார் ரெமாதேவி என்னும் இனமே இது என்று முடிவாயிற்று. பெயர் கிடைத்த அவ்வாண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஓர் உயிருக்குப் பெயர் சூட்டும் நாளும் அதற்கு அபாய அறிவிப்புக் கொடுக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாயின.

கொள்ளிடத்து உள்ளம்

டெல்டாவிலுள்ளோர் இதனைத் தூரத்து மலையாற்றுச் சங்கதியென்று தள்ளிவிடுதற்கில்லை. உள்ளம் என்னும் கடல்மீன் புதுவெள்ளத்தில் ஆற்றேறி முட்டையிட வரும். அணைக்கட்டுகள் இதன் வழியை மறிப்பதைப் பற்றி 1860களின் இறுதியிலேயே டாக்டர் பிரான்ஸிஸ் டே ஆராய்ந்தார். 1909ல் கொள்ளிடத்தில் உள்ளம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றனர். மீன்கள் ஏறுவதற்கென்று அணைகளில் படிபோல் அமைக்கும் வழி மேனாட்டில் சால்மன் மீனுக்கு ஏற்றது; உள்ளமோ தாவியேறும் சுபாவமுடையதன்று. 1934ல் மேட்டூர் அணை முடிந்து, வெள்ளத்தின் போக்கே மாறியபின் காவேரியில் உள்ளம் மீன்பிடிப்பு மிகவும் க்ஷீணித்தது.

கிராமத்தில் செய்யத்தக்கவை

அணைகளை இடிக்கச் சொல்வார் யாருமில்லை. ஆனால் கிராமத்தாரின் கைக்குள் அடங்கிய காரியங்கள் சில உள. அவற்றுள் தலையாயது கோடை மடு. ஆறு வற்றிய காலத்தில் அவ்வாற்று மீன்களின் விதை முழுவதும் இரண்டொரு ஆழ்ந்த மடுக்களிலேதான் தங்கியிருக்கும். எஞ்சின் வைத்து அதையும் இறைத்து, அரித்தெடுத்துவிட்டால், அடுத்த வெள்ளத்தில் பெருகுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. காவேரிக் கரையில் கர்நாடகத்தைச் சேர்ந்த ராமநாதபுரத்திலும், துங்கைக் கரையில் சிருங்கேரியிலும் கோயிலையொட்டிய மடுக்களில் மீன்பிடிப்பது விலக்கப்பட்டு, பெரிய மீன்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. ஊருக்கு ஒரு மடுவை இவ்வாறு ஒதுக்கிவைக்க அரசாங்க உத்தரவு வரவேண்டியதில்லை. கிராமசபைத் தீர்மானமும் ஊராரின் ஒற்றுமையுமே போதும்.

வெடி வைத்தும் விஷமிட்டும் மீன்பிடிப்பது 1897ம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டப்படி குற்றம். ப்ளீச்சிங் தூளைக் கொட்டிப் பிடிப்பதும் விஷமிடுவதேயன்றி வேறல்ல. இப்படிச் செய்வோர் பத்து ரூபாய் மீனுக்காகக் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளையும், அவற்றின் இரையாகிய புழுப்பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லுகின்றனர். கிராம அதிகாரிகள் இதனைச் சில்லறைக் குற்றமாக எண்ணிக் கண்டும் காணாமலிருப்பது சரியன்று.

பூச்சிமருந்து விஷயத்தில் குடியானவர்கள் மிகவும் கவனமாயிருக்கவேண்டும். ஸைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மனிதரையும் மாட்டையும்விட மீனைப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும். தெளித்து முடித்தபின் தெளிப்பானை வாய்க்காலில் கழுவும் பழக்கம் எங்கும் காணப்படுகிறது. கழுவிய ஜலத்தை வயலின் ஒரு மூலையில், வாய்க்காலுக்குத் தூரமாக ஊற்றிவிட வேண்டும். மழை வரும்போல் இருக்கும் நாளில் தெளிக்காமலிருப்பது, மருந்துச் செலவை மிச்சப்படுத்துவதற்கும் நல்லது.

ஏரி, குளங்களில் மீன் விடுவோர், கலங்கல் வழியும் காலத்தில் தம் மீன் ஆற்றுக்குப் போகும் என்பதை மறக்கலாகாது. 1952ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இவ்வாறே எங்கும் பரவிற்று. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது தடை செய்யப்பட்டிருந்தும் சிலர் மறைவாக வளர்க்கின்றனர். எதிர்ப்பட்ட மீனையெல்லாம் விழுங்கும் அது ஒரு வெள்ளத்தில் ஆற்றில் இறங்கிவிட்டால், பிறகு வலைபோட்டு எடுத்துத் தீராது. ஏரிகளை மீன்பாசிக் குத்தகைக்கு விடும்போது, எந்த ஜாதிக் குஞ்சு விடப்படும் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவது நலம்.

மோயாறு, பவானி, அமராவதிக் கரையிலுள்ளோர் வலையில் பெரிய செதில் மீன் அகப்பட்டால், முதலில் துடுப்பின் நிறத்தையும் முதுகின் உயரத்தையும் பார்க்கவேண்டும். ஆரஞ்சுத் துடுப்பும் திமிலும் உடையதாயின் அதனைத் தண்ணீரிலேயே வைத்து, ஈரக்கையால் பிடித்து, பக்கவாட்டில் துடுப்புகள் விரிந்து தெரியுமாறு ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். பிறகு மீனின் முகம் ஓட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடித்துக்கொண்டு, அது தானாக நீந்திச் செல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். களைத்த மீனை விட்டெறிந்தால் கவிழ்ந்து இறந்துபோகும்.